மச்சான் நாக்குக்கு அரைத்த தூள்

மாசி பிறந்தால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தும்மல் வந்துவிடும். கடலூர் முதுநகரில் வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, மஞ்சள், புளி எல்லாம் வாங்கிக் காயவைப்பது அப்போதுதான். எங்கள் மொட்டை மாடியில் இரண்டு கிலோ மிளகாய் காய்ந்தால், பக்கத்து வீட்டு ஜெய்னப்பின் மாடியில் ஆறு கிலோ காயும். அந்த வீட்டில் இருந்ததோ அவளும் மாமியாரும் மட்டும். மாமியாருக்கு வயிற்றுப் புண், ரசத்தில் மிளகு போட்டால்கூட ஆகாது.

"யாருக்குடி இவ்ளோ?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவுங்க திடீர்னு வந்துட்டா என்னா பண்றது ராணிக்கா? காரம் இல்லன்னா தட்டைத் தள்ளிடுவாங்க."

அவுங்க என்றால் புருஷன் நூர்முகம்மது. கல்யாணமாகி ஐந்தாம் மாதம், ஐம்பத்தொன்பதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. ஒவ்வொரு கடிதத்திலும் 'அடுத்த பங்குனிக்கு வருகிறேன்' என்று எழுதுவார். அந்தப் பங்குனியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஜெய்னப்புக்குப் புளிக்கவில்லை.

அவள் அடுப்பங்கரையைப் பார்த்தால் பத்துப் பேர் சாப்பிடுகிற வீடு என்று தோன்றும். குறிஞ்சிப்பாடி சந்தையில் மல்லி வாங்குவாள். நிறத்துக்குக் குண்டு மிளகாய், காரத்துக்கு நீட்டு மிளகாய். புளியைக் கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து உருட்டிப் பானையில் அடைத்துவைப்பாள். ஊருக்கு வருகிறவர்கள் கையில் அவர் கொடுத்தனுப்பும் கிராம்பும் ஜாதிக்காயும் தனிப் புட்டியில் இருக்கும். அதிலிருந்து ஒன்றைக்கூடச் சமையலுக்கு எடுத்ததில்லை. திறந்து, மோந்து பார்த்து, மூடிவைப்பாள். 

பினாங்குக்குத் திரும்புகிறவர்களிடம் இவள் ஒரு டின் குழம்புத்தூள் கொடுத்தனுப்புவாள். கடல்காற்றில் ஈரம் ஏறிவிடும் என்று தகரக்கடையில் மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்துத்தான் அனுப்புவாள். அப்படி ஏழு வருஷம்.

அறுபத்தாறு பங்குனியில் மனுஷன் நிஜமாகவே வந்து சேர்ந்தார். மூன்று மாத லீவு. அன்று ஜெய்னப் கொடுவா மீன் குழம்பு வைத்தாள். தேங்காய் அரைத்துக் கொடுக்கப் போன நான் அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டேன்.

முதல் கவளத்திலேயே அவருக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் கொட்ட ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"காரம் ஜாஸ்தி ஜெய்னப்பு. அங்க எல்லாத்துலயும் சக்கரை போடுவாங்க. நாக்கு அதுக்குப் பழகிடுச்சு."

"நா அனுப்புன தூளு?"

"கடையில நம்மூருப் பசங்க இருக்காங்க. அவுங்க போட்டுக்குவாங்க."

அவள் உள்ளே வந்தாள். "ஏழு வருஷமா யாரு நாக்குக்குக்கா அரைச்சேன்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே புதிதாக மல்லி வறுத்தாள். மெஷினுக்குக் கொண்டுபோனால் முன்னால் அரைத்தவர்களின் மிளகாய் கலந்துவிடும் என்று வீட்டு உரலிலேயே இடித்தாள். ஒரு கிலோ மல்லிக்குப் பத்தே மிளகாய். குழந்தைக்குக் கூட ஊட்டலாம். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம்தான் அவள் வேலையைக் காட்டினாள். வாரம் ஒரு ஸ்பூன் பழைய காரத்தூளை இந்தப் புதுத்தூளில் கலந்துவிடுவாள். அவருக்குத் தெரியாது. நாக்கு திரும்பிவிட்டால் மனுஷனும் இங்கேயே இருந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "இருந்துட்டாங்கன்னா இங்கயே ஒரு துணிக்கடை வைக்கலாம்க்கா" என்பாள். நான் தலையை ஆட்டிவைப்பேன்.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை கப்பல். செவ்வாய்க்கிழமை மதியம் அவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாராம்.

"இன்னும் கொஞ்சம் காரமா வச்சிருக்கலாம்."

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்திருக்கிறது. "அப்ப இருந்துடுங்களேன் மச்சான்."

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டிக்கெட் எடுத்தாச்சுல்ல."

வெள்ளிக்கிழமை ஒரு டின் குழம்புத்தூளோடு கப்பலேறினார். இந்தத் தடவை டின்னை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஜெய்னப் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மாமியாருக்கு நான்தான் கஞ்சி கொடுத்தேன்.

தையில் ஒரு கடிதம் வந்தது. தூள் தீர்ந்துவிட்டது, கடைச் சோறு இறங்கவில்லை, பாதி நாள் டீயும் ரொட்டியும்தான், அடுத்த பங்குனிக்குக் கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம், நன்றாகக் கிடக்கட்டும் என்று. அவளோ கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நல்லாத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. நாந்தான்க்கா பட்டினி போட்டுட்டேன்."

அந்த மாசியிலும் அவள் மாடியில் ஆறு கிலோ மிளகாய் காய்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக் கொடுத்தேன்.