இரண்டு மணி பாட்டில்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, நேரம் எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. ஐந்து வருடத்தில் நடக்காத ஒன்றைப் பதிவேட்டில் எழுதியதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

எங்கள் ஆற்றின் தலைமாட்டில் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதன் கழிவுநீர்க் குளத்து மதகை இரவில் திறந்துவிடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். காலையில் மீன் செத்து மிதக்கும். கேட்டால் கையை விரிப்பார்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே மூன்று ஊர்கள் குடிக்கின்றன. இது போதாதென்று ஆறு பிறக்கும் மலைவரை தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை விசாரணை.

அதற்குள் எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இரவின் தண்ணீர் வேண்டும். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, மணிக்கு ஒன்றாகப் பதிமூன்று பாட்டில். ஒன்று குறைந்தாலும் சுரங்கத்தின் வக்கீல் மொத்தத்தையும் செல்லாது என்று தள்ளிவிடுவார்.

திங்கட்கிழமை இரவு போனேன். கூட வர வேண்டியவருக்குக் கடைசி நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். நான் மட்டும்தான். ஆற்று வளைவில் ஒற்றை அறை. தகரக் கூரை, மேசை, நாற்காலி, ஐஸ் பெட்டி, பாட்டில்களை நிறுத்தி வைக்க ஒரு மரத்தட்டு. கதவைத் திறந்தால் முப்பத்திரண்டு படிகள். அதற்குக் கீழே தண்ணீர்.

அன்று ஒரு தப்பு செய்தேன். தண்ணீர் பிடித்த பிறகுதான் பாட்டிலில் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும் என்பது விதி. நான் சோம்பேறித்தனப்பட்டு, ஆறு மணிக்கே பதிமூன்று லேபிளையும் எழுதி ஒட்டி, தட்டில் வரிசையாக நிறுத்திவிட்டேன்.

9.40க்கு அக்கா போன் செய்தாள்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“தனியாவா இருக்க? பேய் கீய் வந்துடப் போகுதுடி.”

“என்னைப் பார்த்தா அதுதான் ஓடும். போனை வை, அக்கா.”

வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த அறை ரொம்பப் பெரிதாகிவிட்டது. என் கணவர் பிரிந்துபோய் நான்கு வருடம். தனிமை பழகிவிடும் என்பார்கள். பழகாது. பேசாமல் இருக்கத்தான் பழகும். கொஞ்சம் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு, பத்து மணி பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தண்ணீர் பிடிக்கும் முன் அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசுவோம். மூடிக் குலுக்கிக் கொட்ட வேண்டும். களுக்... களுக்... களுக்.

பன்னிரண்டு மணிக்கு நான் அலசி முடித்ததும் சற்றுத் தள்ளி அதே சத்தம் கேட்டது. எதிரொலி என்று நினைத்தேன். அப்போது மணி 12.03.

ஒரு மணிக்கு மறுபடியும் கேட்டது. நான் மூன்று முறைதான் அலசினேன்... சத்தம் நான்கு முறை வந்தது.

எதிரொலிக்கு எண்ணிக்கை தப்புமா?

டார்ச் அடித்தேன். பாறை, தண்ணீர். ஆள் யாரும் இல்லை. அவசரமாக நிரப்பி, மேலே ஓடி வந்து தாழ்ப்பாள் போட்டேன். பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்தேன். இரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். 1.40க்கு, ஒரே ஒரு நிமிடம் என்று கண்ணை மூடினேன்.

விழித்தபோது மணி 2.51.

இரண்டு மணி பாட்டில் போயிற்று. அலாரம் அடித்திருக்கிறது, யாரோ நிறுத்தியும் இருக்கிறார்கள். நானாகத்தான் இருக்கும். மூன்று ஊர் ஜனங்களின் தண்ணீரைத் தூங்கியே கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

ஈரக் கால்தடங்கள். கதவிலிருந்து ஐஸ் பெட்டி வரை...

திரும்பிப் போன தடம் இல்லை.

கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை எட்டு பாட்டில் இருக்க வேண்டும்.

ஒன்பது இருந்தன.

ஒன்பதாவதின் மேல் ‘2.00’ என்று எழுதியிருந்தது. சாய்ந்த எழுத்து. என் எழுத்து இல்லை.

மரத்தட்டைப் பார்த்தேன். நான் எழுதி ஒட்டிய 2.00... காலியாக... காய்ந்துபோய்... அங்கேயே நின்றது.

2.56.

மூன்று மணிக்கு இறங்கியாக வேண்டும். ஒன்று போனதற்காக இன்னொன்றையும் விட மனம் வரவில்லை. படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

களுக்.

களுக்.

களுக்.

நிறுத்தினேன்...

களுக்.

என் வலது காதுக்குப் பக்கத்தில்.

திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்தேன். மூடினேன். ஏறினேன். எனக்குப் பின்னால்... ஒவ்வொரு படியிலும்... சொட்டு... சொட்டு...

அறைக்குள் வந்து கதவை மூடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பயம் போகவில்லை. ஆனாலும் நான்கு வருடத்தில் முதல்முறையாக, ஓர் அறையில் என்னோடு இன்னொருவர் விடியலுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு மணிக்கு ஆற்றில் என் சத்தம் மட்டும்தான் கேட்டது.

விடிந்ததும் அந்தப் பாட்டிலையும் சேர்த்தே பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் மாலை ஆய்வகத்துத் தோழி போன் செய்தாள்.

“மாட்டிட்டானுங்கடி! ரெண்டு மணி பாட்டில்ல எலுமிச்சம்பழச் சாறு கணக்கா அமிலம். செம்பும் காரீயமும் தாறுமாறா இருக்கு. மத்த பன்னிரண்டும் சாதாரணம். ரெண்டு மணிக்குத்தான் மதகைத் திறந்திருக்கானுங்க.”

“அதை நான் எடுக்கலை.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

பதிவேட்டில் இரண்டு மணிக்கு நேரே ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்து போட்டிருந்தால் போதும். ஆறு பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் சிலர் என்னைத் திட்டுகிறார்கள். போட என் கை வரவில்லை. ‘தூங்கிவிட்டேன். யார் எடுத்தது என்று தெரியாது’ என்று எழுதினேன். வியாழக்கிழமை வக்கீல் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் பதிவு செல்லாது என்றார்கள் விசாரணை அதிகாரிகள். நல்லவேளையாக அனுமதியும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் இன்னோர் இரவு தண்ணீர் எடுத்து வரச் சொன்னார்கள். நானே போகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் தோழி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“அந்தப் பாட்டிலோட அடியில ஒரு எண் இருக்கு. அந்த வரிசை பாட்டிலெல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. அப்பவே தீர்ந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணுதான் ஆய்வகத்துக்குத் திரும்பி வரலை.”

“எங்க போச்சு?”

“அப்பவும் இதே சுரங்கம், இதே மாதிரி ஒரு ராத்திரி. உன் வேலையில இருந்தவர் ரெண்டு மணிக்குப் படியிறங்கியிருக்காரு. ரெண்டு நாள் கழிச்சு தடுப்பணையில உடம்பு கிடைச்சுது. பாட்டில் கிடைக்கலை. அந்த ஒரு மணிநேரம் இல்லாததாலதான் அப்ப கேஸ் தோத்துதாம்.”

அந்தப் பாட்டில் இப்போதும் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதற்குள் இருப்பது எந்த இரவின் தண்ணீர் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.