சித்தப்பா கேட்ட வேகத்தடை

ஒரு பக்கெட் சுண்ணாம்பும் நசுக்கிய தென்னை மட்டையுமாக என் சித்தப்பா நடுரோட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்த காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சித்தியின் காரியம் முடிந்த மறுநாள் அது. வண்டிக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தன்கூட இறங்கி என்னவென்று கேட்கவில்லை.

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற சாலையில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே அந்த வேகத்தடை வந்ததே சித்தப்பாவால்தான். சாலையை அகலப்படுத்தியதிலிருந்து லாரிகள் பறந்தன. பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குக் கால் போயிற்று. மனுக் கொடுத்தே செருப்புத் தேய்ந்தவர், கடைசியில் ஊரைக் கூட்டிச் சாலை மறியலில் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் வேகத்தடை அப்படித்தான் வரும். மறியலை முடித்துவைக்க வந்தவர்கள் அவசர அவசரமாகத் தாரைக் கொட்டி, வரப்பு மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். கோடு இல்லை, போர்டு இல்லை, விளக்கு இல்லை. அந்த மாதமே, நல்லம்பள்ளியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் தன் தம்பியின் பைக்கில் வந்த சித்தி, வண்டி அதில் ஏறிக் குதித்ததில் பின்னாலிருந்து எகிறி விழுந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த ஆண்கள் கடப்பாரையோடு கிளம்பினார்கள். சித்தப்பா குறுக்கே போய் நின்றார். "இத எடுத்துட்டா புள்ளைங்க எப்பிடிங்க ரோடு தாண்டும்? கோடு போடாததுதாங்க குத்தம்" என்றார். பெண்டாட்டியைத் தின்றதற்கு வக்காலத்து வாங்குகிறான் என்று சித்தியின் அண்ணன் காறித் துப்பினார். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. கோடு போடச் சொல்லிக் கேட்ட இடத்தில் ஃபண்டு இல்லை என்றார்கள். அதனால்தான் சுண்ணாம்பு. மழையில் கரையக் கரைய அவர் மறுபடி அடிப்பார்.

பிறகு ஓர் அமைச்சர் அந்த வழியாக வரப்போவதாகச் சொன்னார்கள். ஒரே காலையில் இயந்திரம் வந்து வேகத்தடையைச் சுரண்டியெடுத்துச் சாலையை வழவழவென்று ஆக்கிவிட்டது. கோடு போட இல்லாத ஃபண்டு அதற்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ! அமைச்சர் வந்தார், போனார். வேகத்தடை திரும்ப வரவில்லை.

மறுபடி போடச் சொல்லிக் கேட்க, சித்தப்பாவோடு நானும் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இப்பெல்லாம் நெனச்ச எடத்துல போட முடியாதுங்க பெரியவரே. அந்த எடத்துல ஒரு உசுரு போயிருந்தா எழுதி அனுப்பலாம்."

"போயிருக்குதுங்களே. என் சம்சாரம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அது வேகத்தடையால போனதுங்க. இதுல சேராதுங்க."

சித்தப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். எனக்கோ அந்த மேசையைப் புரட்டிப் போடலாம்போல் இருந்தது.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவர்தான் நடுச்சாலையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். போன வாரம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, ஒரு லாரி அவரை உரசாத குறையாக வந்து நின்றது. "யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினான். ஓரமாக நின்று கை காட்டினால் ஆகாதா என்று சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன். கடைசிப் பிள்ளையும் தாண்டிய பிறகுதான் அவர் கையை இறக்கினார்.

"லாரி அடிச்சு நான் போனா, அத எழுதி அனுப்புவாங்கல்ல கண்ணு" என்றார்.