ஏழாவது வரியில் ஓர் ஆசிரியர்

லண்டன், கிங்ஸ்பரியில் ஒரு மளிகைக்கடை. கல்லாவுக்குப் பின்னால், மஞ்சளாகிப்போன தலையங்கம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதை வெளியிட்ட உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பொருத்தத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

"அகதியா வந்த எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதெண்டு எழுதின ஆசிரியர், தங்கச்சி," என்கிறார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். "முப்பது வருஷம் பேனையால திருத்தின மனுசன். கம்ப்யூட்டர் ஏலாதெண்டு நேற்று வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்கள்."

நிர்வாகத்துக்கு நான் கொடுத்த அறிக்கையின் ஏழாவது வரி அது: 'ஆசிரியர் – கம்ப்யூட்டர் பழக்க முடியாதவர்.' அவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் ஒதுக்கியது ஒரே ஒரு பிற்பகல்.

"நீங்கள் இங்க என்ன வேலையா வந்தனீங்கள்?"

"சும்மா ஊர் பார்க்க வந்தேன், அண்ணா."

"அப்ப நேரமிருக்கும். அவருக்கு நன்றிக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். இங்கிலீசைத் திருத்தித் தாங்கோ."

பேனாவை நீட்டுகிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.