கடைசிப் பெட்டிக்கும் ஒரு சிலுவை

இருதயசாமி தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சரக்கு ஏறி முடிந்ததும் கடைசி மூட்டையில் கட்டைவிரலால் சிலுவை போட்டு, "மாதா தொணையில போய்ச் சேரு" என்பாராம். பிறகு கன்டெய்னர் பெட்டி வந்தது, மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை போனது. துறைமுகம் வளர்ந்துவிட்டது என்றார்கள். வளரத்தான் செய்தது, யார் இல்லை என்றது?

அப்பாவின் பிழைப்பைப் பிடுங்கிய பெட்டியை நம்பியே மகன் பிழைக்க வேண்டியதாயிற்று. மண்ணூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில், ஒப்பந்தக்காரரிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார் இருதயசாமி. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரை நிரப்பிக் கதவைப் பூட்டியதும், வலக்கை உறையைக் கழற்றி அதே சிலுவை, அதே வார்த்தை. சூப்பர்வைசர்கள் கேலி செய்வார்கள், மனிதர் சிரித்துக்கொள்வார். மகன் ஜெபர்சனுக்கு அதே கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்த அன்று, சுங்குவார்சத்திரம் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

போன வருஷம் கம்பெனியை மூடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எந்திரங்கள் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகுமாம். ஜெபர்சனும் மற்றவர்களும் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எந்திரம் உள்ளே இருக்கும்வரைதான் முதலாளி பேச வருவான், போய்விட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இது இருதயசாமிக்கும் தெரியும்.

ஆனால் எந்திரத்தை ஏற்றவும் ஃபோர்க்லிஃப்ட் வேண்டுமே. ஒப்பந்தக்காரர் புருஷோத்தமன் கூப்பிட்டார்.

"நீ வரலன்னா வேற ஆளு வருவான் சாமி. அப்பனும் புள்ளயும் ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இருந்தா இன்னாத்த துண்றது?"

போனார். பந்தலைக் கடக்கும்போது மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, திட்ட வேண்டியவர்கள் கண்ணில் படுவதும் இல்லை.

கடைசியாக ஏறியது ஜெபர்சன் வேலை பார்த்த எந்திரம். அவன் ஒட்டிய மாதா படம் அதில் அப்படியே இருந்தது. இருதயசாமி ஒரு கீறல் விழாமல் அதை உள்ளே வைத்தார். வேறு மாதிரி வைக்க அவருக்குத் தெரியாது. கதவைப் பூட்டினார். போலீஸ் வந்து பந்தலில் இருந்தவர்களை இழுத்து ஓரங்கட்டியது, டிரெய்லர் துறைமுகத்துக்குக் கிளம்பிப் போனது.

வெளியே வந்தவரை ஜெபர்சன் மறித்தான். சட்டை கிழிந்திருந்தது.

"கேட்டாண்ட நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். அதுக்குமாப்பா சிலுவ போட்ட?"

"போடலய்யா. மாதா சத்தியமா போடல."

பொய் சொல்லவில்லை, அவருக்கு நினைவே இல்லை. மகன் அவருடைய வலக்கையைப் பார்த்தான். உறை அக்குளில் இடுக்கியிருந்தது. கட்டைவிரலில் கன்டெய்னர் கதவின் துரு ஒட்டியிருந்தது.