வேனுக்குள் போட்ட மெத்தை

வெள்ளைக்காரர் யாரோ குடித்தனம் நடத்திவிட்டுக் கழித்துப்போட்ட வேன் அது. இன்ஜின் போன வண்டி. எங்கள் உப்பளத்து முதலாளி அதைப் புதுச்சேரிப் பக்கம் வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வரப்பு மேட்டில் நிறுத்தினார். முந்தின மார்கழியில் கடல் உள்ளே வந்தபோது, நாங்கள் சோறு தின்கிற கொட்டகை அடித்துக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பதில் இது என்றார். நிழலுக்கு ஒரு மரம் கிடையாத இடம். வேண்டாமென்று சொல்ல முடியுமா?

உள்ளே ஒரு மேசை, தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது. இரண்டு பக்கமும் பலகை பெஞ்சு, அதுவும் அசையாது. உட்கார்ந்தால் மேசை வயிற்றில் இடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்ற காலைத் தொங்கப்போட்டால் விண்விண்ணென்று தெறிக்கும். நீட்டினால்தான் அடங்கும். அங்கே நீட்ட வழியில்லை.

"இதுக்கு பஸ்ஸுல நின்னுக்கினே துன்னலாம் யக்கா," என்றாள் என் ஓரகத்தி. அவளும் என்னோடுதான் கூடை சுமந்தாள்.

பெண்களில் மூத்தவள் நான். நான்தான் போய்க் கேட்டேன். "மொதலாளி, அந்த மேசையப் பேத்துட்டு அகலமா எதனா போட்டுக் குடுங்க. கால நீட்டி உக்காந்துக்கறோம்."

"செஞ்சிட்டாப் போச்சு," என்று சிரித்தார். நான் கேட்டால் நடக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நடக்கத்தான் நடந்தது. வானூரிலிருந்து ஆள் வந்து மேசையையும் பெஞ்சையும் பெயர்த்தான். மூன்று பக்கமும் சுவரோரமாக அகலமான இருக்கை போட்டு, கனமான ஸ்பாஞ்ச் வைத்து, அரக்கு நிற ரெக்சினால் மூடினான். கையால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே போய் மேலே வந்தது. மத்தியானம் தூக்குச்சட்டியோடு படியில் கால் வைத்தேன்.

"ஏம்மா, நில்லு நில்லு! ஈரப் பொடவையோட எங்க ஏர்ற?" முதலாளி குரல். "யாபாரிங்க வந்து உக்கார்ற எடம். ரெக்சின் வீணாப்பூடும். நீங்கள்லாம் கீழ நெழல்ல உக்காருங்க."

உச்சி வெயிலில் வேனுக்கு ஏது நிழல்?

"ஈரம் எங்கேருந்து வந்துச்சி மொதலாளி? ஒங்க உப்புக் கூடையிலேருந்துதான் ஒழுவி முதுகுல எறங்குது. நாங்க இன்னா, குளிச்சிட்டா பொடவையக் காய வைக்காம வந்தோம்?"

"வாய் ரொம்ப நீளுது ஒனக்கு," என்று கதவைச் சாத்தினார்.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து தின்றோம். என் காலைச் சொல்லி நான் கேட்டேன். அதையே சாக்காக வைத்து அவர் வியாபாரிக்கு மெத்தை போட்டுக்கொண்டார். வெயிலைவிட அதுதான் சுட்டது. "கேட்டு வாங்கிக் குடுத்த பாரு," என்று ஒருத்தி முனகினாள்.

சில நாள் கழித்து, உப்பு ஏற்ற லாரி வந்து நின்றது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பாதி உப்பு இன்னும் அம்பாரத்தில் கிடந்தது. சோற்று வேளையானதும் நாங்கள் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்தோம். முதலாளி ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க. உள்ளயே உக்காந்து துன்னுட்டு சட்டுனு வாங்க. விரிச்சிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். உப்பு அம்பாரத்தை மூடுகிற கிழிந்த தார்ப்பாய், சேறும் உப்பும் ஒட்டியபடி மெத்தைமேல் கிடந்தது.

"வுடு யக்கா, நெழல் கெடச்சா போதும்," என்று ஓரகத்தி ஏறினாள்.

அவளை நகரச் சொல்லி, தார்ப்பாயைச் சுருட்டி வாசல் வழியாக அவர் காலடியில் போட்டேன். "இத உப்பு மேல போடுங்க மொதலாளி. மழ வருது."

ரெக்சின்மேல் உட்கார்ந்தேன், ஈரப் புடவையோடு. இரண்டு காலையும் தூக்கி நீட்டினேன். "ஏறி உக்காருங்கடி எல்லாரும்."

அவர் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அம்பாரத்துப் பக்கம் போனார். நான் அவசரப்படாமல் தின்றேன்.

அதற்கப்புறம் தினமும் உள்ளேதான் உட்கார்ந்தோம், அவரும் தடுக்கவில்லை. நல்ல சொகுசு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் படியில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அன்றைக்கு லாரி நிற்காமல் இருந்திருந்தால், என்னைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியிருப்பார் அந்த மனுஷன்.