ஈயக்கா முடித்த சம்பந்தம்

கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் எந்தக் காகிதமும் தப்பாது. போன வருஷத்துத் தேர்வு அட்டவணை, விடுமுறை அறிவிப்பு, யாரோ விட்டுப்போன விழா அழைப்பிதழ், எல்லாவற்றையும் சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கி, நடுவில் ஒரு மடிப்பு மடித்து, வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களுக்குள் செருகிக்கொண்டே போகிறார் ஈயக்கா. குழாயின் அடியில் சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சிய கூழ் உறைந்து கிடக்கிறது. அதில் வளரும் புழுக்கள் கூடு கட்டும் நேரம் வந்ததும் உலர்ந்த இடம் தேடி மேலே ஏறும். அவை ஏறத்தான் இந்தக் காகிதம். "ஈரத்துல படுத்தா பிள்ளைங்களுக்கு ஆகாதுல்ல?" என்பார். புழுவுக்கு என்ன ஆகாது என்று கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

கல்லூரியின் உயிரியல் துறையில், நடைவழி முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த அறை. உள்ளே நுழைந்தால் புளித்த பழ வாசனை மூக்கில் ஏறும். சுவரோரம் நாலு அடுக்கு. அடுக்கு நிறையக் குழாய்கள். குழாய்க்குள் பழ ஈக்கள். மொத்தம் நாற்பத்து மூன்று வம்சம். வெள்ளைக் கண், பழுப்புக் கண், சிறகு குட்டையானது, சிறகு சுருண்டது, உடம்பு மஞ்சளானது, கறுத்தது என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண்ணுக்கு எந்த வம்சம் என்பது ஒரு தடித்த நோட்டில் இருக்கிறது. நோட்டைத் திறக்காமலே ஈயக்காவுக்குத் தெரியும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தார். பதிவேட்டில் 'ஆய்வக உதவியாளர்' என்று இருக்கிறது, ஆனால் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும், காதுக்குப் பின்னால் ஒரு பூனைமுடித் தூரிகை இருக்கும். ஈக்களைக் குளிரவைத்து மயங்கச் செய்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, அந்தத் தூரிகையால் இடமும் வலமுமாகத் தள்ளுவார். வாலடி கறுத்திருந்தால் ஆண், கோடுகோடாக இருந்தால் பெண். நாம் ஒன்றைப் பார்த்துத் தெளிவதற்குள் அவர் நாற்பதைப் பிரித்துவிட்டு, "அடுத்த தட்டு" என்பார்.

அவருடைய பேச்சில் பெற்றோர் தலைமுறை, முதல் சந்ததி, இரண்டாம் சந்ததி என்பதெல்லாம் கிடையாது. மாப்பிள்ளை, பொண்ணு, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. "பிள்ளைங்க முகத்தைப் பார்த்து எதையும் முடிவு கட்டாதீங்க தம்பி. தாத்தா பாட்டிகிட்ட இருந்தது நடுவுல ஒளிஞ்சுக்கும். போயிடாது. பேரன்கிட்ட வந்து எட்டிப் பார்க்கும்." மாணவர்கள் இதை அப்படியே தேர்வில் எழுதிவிட்டு, பிறகு 'ஒடுங்கு பண்பு' என்று திருத்துவார்கள். வெள்ளைக் கண்ணைப் பற்றிக் கேட்டால் இன்னும் உற்சாகமாகிவிடுவார். "அம்மா வெள்ளைக்கண்ணா இருந்தா பையன் அத்தனை பேரும் வெள்ளைக்கண்ணுதான். அப்பனை ஒரு வார்த்தை கேட்கவே வேணாம்!"

ஒரு தடவை பெரிய வலைக்கூண்டு ஒன்றில் சிவப்புக்கண்ணையும் வெள்ளைக்கண்ணையும் பாதிப்பாதியாக விட்டுப் பல மாதம் வளர்த்தார். மாதாமாதம் எண்ண, வெள்ளைக்கண் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றுகூட இல்லை. யார் கொன்றது என்று ஒரு மாணவி பதறிப்போய்க் கேட்டாள். "யாரும் கொல்லல பாப்பா. வெள்ளைக்கண்ணனுக்குப் பொண்ணு கிடைக்கல. பரிணாமம்னா பெரிய வெட்டுக்குத்துன்னு நினைச்சியா? எவனுக்குப் பிள்ளை நிறையப் பொறக்குதோ அவன் வம்சம் நிக்குது, அவ்வளவுதான்."

வீட்டில் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். மகளுக்கு முப்பது வயது, விமான நிலையத்தில் வேலை, கல்யாணப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "வாரத்துக்கு நூறு கல்யாணம் பண்ணி வைக்கிறேன். என் வீட்டுல ஒண்ணு நடக்க மாட்டேங்குது" என்று ஈயக்கா தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்ட கையோடு சிரித்தும் விடுவார்.

போன வருஷம் அந்தச் சிரிப்புக்கு ஆபத்து வந்தது.

துறைக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் வாழ்நாளெல்லாம் மீன் ஆராய்ந்தவர். ஈ என்றால் கையை வீசி விரட்டுவதுதான் அவருக்குப் பழக்கம். ஈயக்கா பல் பிடுங்கப் போயிருந்த நாளில், மாணவர்களின் செய்முறைக்கு அவரே அடுக்கிலிருந்து குழாய்களை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு உடம்பும் நீளச் சிறகும் உள்ள ஒன்று. சாதாரணப் பழுப்பு உடம்பும் குட்டைச் சிறகும் உள்ள இன்னொன்று. கலந்து வளர்த்தால் பேரப்பிள்ளைகளில் பதினாறுக்கு ஒன்று கறுப்பாகவும் குட்டைச் சிறகாகவும் பிறக்க வேண்டும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. மாணவர்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரப்பிள்ளைகளை எண்ணினார்கள். அப்படி ஒன்றுகூட இல்லை.

"வம்சம் கலந்துபோச்சு" என்று தலைவர் முடிவு கட்டிவிட்டார். ஒரே வாரத்தில் முதல்வரின் கையெழுத்தோடு அறைக்கதவில் ஆணை ஒட்டப்பட்டது. ஈ வகைகள் அனைத்தும் மாத இறுதிக்குள் அழிக்கப்படும். அறை கணினிக் கூடமாகும். உதவியாளர் பொருள் கிடங்குக்கு மாற்றப்படுவார்.

ஈயக்கா அதை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது. மூக்கைச் சிந்திவிட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே தலைவர் அறைக்குப் போனார்.

"சார், நீங்க எடுத்தது பதினேழாம் நம்பர். எடுத்திருக்க வேண்டியது முப்பத்தொண்ணு."

"ரெண்டும் கறுப்புதானேம்மா?"

"ரெண்டும் கறுப்புதான். ஆனா வேற வேற குடும்பம் சார். பதினேழுக்கும் குட்டைச்சிறகுக்கும் சம்பந்தம் பண்ணினா, பேரன்ல ரெண்டும் சேர்ந்து வரவே வராது. நோட்டுல மூணு தடவை எழுதியிருக்கேன், பாருங்க."

"கலந்துபோனதுக்கும் அப்படித்தான் ஏதாவது வரும். வேற குடும்பம்னு எப்படிச் சொல்றீங்க?"

ஈயக்கா நோட்டை மேசைமேல் வைத்தார். "பதினேழையும் முப்பத்தொண்ணையும் கட்டி வைப்போம் சார். ஒரே குடும்பமா இருந்தா, இல்ல நான் கலந்து தொலைச்சிருந்தா, கறுப்புப் பிள்ளை பொறக்கும். தனித்தனிக் குடும்பம்னா எல்லாப் பிள்ளையும் பழுப்பாத்தான் இருக்கும். ஒரே ஒரு கறுப்பு பொறந்தாலும் நாற்பத்து மூணையும் என் கையாலயே கொண்டுபோய்க் கொட்டிடறேன்."

தலைவர் தலையை ஆட்டினார். "சரி. வகுப்பே பார்க்கட்டும்."

வாய்விட்டுச் சொல்லியாயிற்று. அதன் கஷ்டம் அவருக்கு மட்டும்தான் தெரியும். பெண் ஈ பிறந்து எட்டு மணி நேரம் போனால் போதும், தன் குழாயிலேயே ஒரு ஆணோடு கூடியிருக்கக்கூடும். கூடிவிட்டால் அந்த ஆணின் விந்தணுவை நாள்கணக்கில் உள்ளே வைத்திருந்து முட்டையிடும். அப்படி ஒரே ஒரு பெண் தப்பி உள்ளே போய்விட்டாலும் கறுப்புப் பிள்ளைகள் பிறக்கும், இருபத்து மூன்று வருஷம் குப்பைக்குப் போகும். ஆகவே மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து, வளர்ந்த ஈக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் பிறந்த பெண்களை மட்டும் பொறுக்கினார். வெளுத்த உடம்பு, வயிற்றில் மசிப்பொட்டு மாதிரி ஒரு புள்ளி. அன்று பிறந்ததற்கு அதுதான் அடையாளம். சந்தேகம் என்று தோன்றியதை எல்லாம் தள்ளினார். பத்துக் குழாய், குழாய்க்கு ஐந்து பெண், நான்கு மாப்பிள்ளை. பெண்கள் பதினேழாம் நம்பர், மாப்பிள்ளைகள் முப்பத்தொன்றாம் நம்பர். முப்பத்திரண்டு மாணவர்களும் தலைவரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

மறுநாள் காலைக் காப்பியின்போது கணவர் கேட்டார். "அப்பாவும் கறுப்பு, அம்மாவும் கறுப்பு. பிள்ளை மட்டும் எப்படிடி பழுப்பா வரும்? ஊர் சிரிக்கும்."

"உங்க கடையிலயே இருக்கே. ஒரு பூட்டுல ஸ்பிரிங் போச்சு. இன்னொண்ணுல தாழ் போச்சு. ரெண்டுமே ஓடாது. ரெண்டையும் பிரிச்சு..."

"ஸ்பிரிங்கை இதுல எடுத்து, தாழை அதுல எடுத்து, ஒரு நல்ல பூட்டு பண்ணிடலாம்."

"அதேதான். ரெண்டுலயும் ஸ்பிரிங்கே போயிருந்தா?"

"குப்பைதான்." கணவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அடேயப்பா! இதையா இத்தனை வருஷமா அங்க பண்ணிக்கிட்டிருக்கே? ஈ ஓட்டுறேன்னு இல்ல நினைச்சேன்."

ஐந்தாம் நாள், முட்டையிட்டு முடித்த பெற்றோரை வெளியே எடுத்தார். அவர்கள் உள்ளேயே இருந்தால் பிள்ளைகளோடு கலந்துவிடுவார்கள். பெண்கள் ஐம்பது, சரி. மாப்பிள்ளைகள் முப்பத்தொன்பதுதான். ஆறாம் குழாயில் ஒன்று குறைந்தது. குழாயைத் தட்டினார், கவிழ்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆள் அகப்படவில்லை. 'குழாய் 6. ஆண் ஒன்று குறைவு' என்று நோட்டில் எழுதி, தலைவரிடம் நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"இதுக்கெல்லாமா?"

"போட்டுடுங்க சார்."

போட்டார்.

பதினோராம் நாள் பிள்ளைகள் பிறந்திருந்தன. எல்லாம் வெளுப்பாக இருக்கவே மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். ஈயக்கா கையை உயர்த்தி அடக்கினார். "பொறந்த உடனே எல்லாம் வெளுப்புதான். நிறம் ஏறட்டும். மூணு மணிக்கு வாங்க." வெளுப்பிலேயே எண்ணி முடித்திருந்தால் அப்போதே ஜெயித்திருக்கலாம். அவருக்கு அந்த ஜெயம் வேண்டாம்.

மூன்று மணிக்கு ஒவ்வொரு குழாயாகத் தட்டில் கொட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் பழுப்பு. ஒரு மாணவி கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நான்கு, ஐந்து. பழுப்பு. ஆறாம் குழாயைக் கொட்டித் தூரிகையால் கலைத்தார். நடுவில் அப்பட்டமாக ஒரு கறுப்பு.

தலைவர் குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணு வந்துடுச்சேம்மா."

ஈயக்கா தூரிகை நுனியால் அதை நுண்ணோக்கியின் கீழே தள்ளிவிட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரும்போது முகமெல்லாம் பல்.

"இது பிள்ளை இல்ல சார். காணாமப்போன மாப்பிள்ளை! சிறகைப் பாருங்க, ஓரமெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. இன்னிக்குப் பொறந்தவனுக்குச் சிறகு எங்கயாவது இப்படிக் கிழியுமா? அந்தக் காகிதத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சிருக்கான், திருட்டுப் பய. உங்க கையெழுத்தைப் பாருங்க, ஆறாம் குழாய், ஒரு ஆண் குறைவு!"

தலைவர் குனிந்தார். புதிதாகப் பிறந்தது ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "ஆமா," என்றார். "கிழவன்தான்." அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பத்துக் குழாயும் முடிந்தபோது கரும்பலகையில் அறுநூற்றுப் பதினான்கு பழுப்பு. கறுப்புப் பிள்ளை பூஜ்யம். மாணவர்கள் மேசையைத் தட்டிய தட்டில் அடுக்குக் குழாய்கள் கிணுகிணுத்தன. "டேய், பிள்ளைங்க பயந்துடும்டா!" என்று ஈயக்கா அதட்டினார். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

தலைவர் சாக்கட்டியை எடுத்தார். "குழாயைத் தப்பா எடுத்தது நான். அதை முதல்ல எழுதிக்குங்க," என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். முந்தின ராத்திரி புத்தகத்தைப் புரட்டி, பதினேழின் கறுப்பும் குட்டைச் சிறகும் ஒரே குரோமோசோமில் இருப்பவை, ஆண் ஈக்கு அவற்றைக் கைமாற்றிக்கொள்ளத் தெரியாது, அதனால்தான் எண்ணூற்றில் ஒன்றுகூட வரவில்லை என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அதையும் விளக்கினார். "இந்த அம்மா நோட்டுல இது மூணு தடவை இருக்கு. நான்தான் படிக்கல."

பிறகு கதவருகே போய் ஆணையைக் கிழியாமல் உரித்தெடுத்தார். முதல்வரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். எடுத்த தாளை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஈயக்கா கையை நீட்டி அதை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தாள் நல்ல கெட்டி என்று பார்த்துக்கொண்டார். மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கத் தொடங்கினார். முதல்வரின் கையெழுத்து விழுந்த துண்டை மட்டும் தனியாக ஒரு புதுக் குழாயில் செருகி, சிறகு கிழிந்த மாப்பிள்ளையைத் தூரிகையால் மெல்ல உள்ளே விட்டு, பஞ்சை வைத்து அடைத்தார்.