வரைபடத்தின் மேல் நின்றவர்

சமூக மேம்பாடு முதுகலைப் படிப்பின் களப்பணிக்காக எண்ணூரில் ஒரு குப்பத்துக்குப் போயிருந்தேன். அங்குள்ள பெண்களையே தெருவில் கோலமாவால் குப்பத்தின் வரைபடத்தைப் போடச் சொன்னேன். நான் கூட்டிய எந்தக் கூட்டத்திலும் உட்காராத ஒரு மீன்காரம்மா, போட்டு முடித்ததும் தன் வீட்டுக் கட்டத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"நகருங்கம்மா, போட்டோ எடுக்கணும்."

"போன தபாவும் இப்டித்தான் வரைஞ்சிகினு போனாங்கோ. அப்பால பக்கத்து தெருவையே இடிச்சிட்டாங்கோ. இத்த யாராண்ட குடுப்ப கண்ணு?"

"காலேஜுக்கு மட்டும்தாம்மா."

"அவுங்கோ யாராண்ட குடுப்பாங்கோ?"

மற்ற பெண்களும் என்னையே பார்த்தார்கள். அவர் நகரவில்லை; அப்படியே படம் எடுத்தேன்.

ஆசிரியர் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். படம் இன்னும் என் போனிலேயே இருக்கிறது. குப்பத்தின் எல்லா வீடுகளும் அதில் தெரிகின்றன. ஒரு வீட்டின் இடத்தில் மட்டும் இரண்டு பாதங்கள்.